தினம் மூன்று கரண்டி

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில், துண்டில் சுற்றிய டின் ஒன்று. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் சின்னமனூர் தாண்டியதும் அவள் சொன்னதைக் கேட்டபின் காதைத் திருப்ப முடியவில்லை.

“தெனமும் மூணு கரண்டி எண்ணெய் குடிக்கேன்க்கா.”

மூத்தவள் முகத்தைச் சுளித்தாள். “எண்ணெயவா? வயித்தால போகாதா?”

“இது ஆலிவ் எண்ணெய். நெஞ்சுக்கு நல்லதாம். எங்க வீட்டுக்காரவுக துபாய்ல இருந்து குடுத்துவிட்டாக. அங்கன ரொட்டியவே இதுல தொட்டுத்தான் திங்காகளாம்.”

“நாங்க மெடிக்கல்ல சின்ன பாட்டில் வாங்கிப் பிள்ளைக்குத் தேய்ச்சு விடுவோம். குடிச்சா எப்படி இருக்கும்?”

“காட்டமா இருக்கும். தொண்டை காந்தும். ஒரு கரண்டி போதும்னுதான் எழுதியிருந்தாக.”

“பெறகு எதுக்குத்தா மூணு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இந்த டின்னு தீர்றதுக்குள்ள வந்துருவேன்னும் அதே லெட்டர்ல எழுதியிருந்தாக.”

வீரபாண்டியில் பஸ் நின்று கிளம்பியது.

“தீந்துச்சா?” என்றாள் மூத்தவள்.

“அது தீந்து, அடுத்து வந்ததும் தீந்துருச்சு. இப்ப லீவுல வந்த ஆள்ட்ட இதக் குடுத்துவிட்டிருக்காக. கம்பம் போய் வாங்கிட்டு வாரேன்.”

மூத்தவள் டின்னைத் தூக்கிப் பார்த்தாள். “நல்ல கனமா இருக்கே.”

“ஆமாக்கா. வந்ததுலயே இதுதான் பெருசு.”