காலியாக விட்ட கட்டம்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! அறிவிலும் அகவையிலும் மூத்த பெரியோர்களே! அடுப்பின் அனலோடு அன்றாடம் மல்லுக்கட்டும் அன்புத் தாய்மார்களே! பின்வரிசையில் இன்னும் பேச்சை நிறுத்தாதவர்களே, உங்களுக்கும் வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். இன்று நம் பொதுச் சமையலறைக்கு வரும் சாப்பாட்டு ஆர்டர்களை ஃபோனில் கேட்டு, கம்ப்யூட்டர் அட்டவணையில் ஏற்றுபவளும் நானே! பெருமைதான், மறைப்பானேன்?

அட்டவணையை ஆக்கித் தந்தவள் என் பேத்தி. அதில் கடைசிக் கட்டம், ‘ஒத்துக்கொள்ளாத உணவு’. ஒன்றுமில்லை என்று சொன்னால் காலியாக விடுவேன். கேட்க மறந்தாலும் காலியாகத்தான் விடுவேன். பொட்டலம் கட்டும் என் நாத்தனாருக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்?

ஒருநாள் தச்சர் ஒருவருக்கு வேர்க்கடலை அரைத்து ஊற்றிய குழம்பு போனது. இரண்டு வாய்தான் உண்டார். தொண்டை வீங்கியது, மூச்சு முட்டியது, மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார்.

“நீங்க ஒண்ணுமே எழுதலையே, அண்ணி!” என்றாள் நாத்தனார். கேட்க மறந்தவளே நான், யாரைக் குறை சொல்வேன்?

பேத்தி வந்தாள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் சேமிக்கவே முடியாதபடி பூட்டுப் போட்டாள். நான் சும்மா இருந்தேனா? அவசரத்தில் ஒரு புள்ளி வைத்தேன், பூட்டு திறந்தது! கைதட்டாதீர்கள் ஐயா, அது கெட்டிக்காரத்தனம் அல்ல.

“ஏன் பாட்டி, நாப்பது பேருக்குப் புள்ளி ஒத்துக்காதா?”

“ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு கண்ணு, நான் என்ன பண்ண?”

“கேக்கலைன்னா கேக்கலைன்னு போடுங்க. அதுல என்ன வெக்கம்?”

புள்ளிக்கும் பூட்டு விழுந்தது. இப்போது அந்தக் கட்டம் ஏற்பது மூன்றே விடைகள்: உண்டு, இல்லை, கேட்கவில்லை. உண்டு என்றால் எந்த உணவு என்றும் எழுதியாக வேண்டும். கேட்கவில்லை என்றால் கட்டம் சிவக்கும். “திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்க அண்ணி” என்று என்னை அதட்டாமல் நாத்தனார் பொட்டலத்தைத் தொடமாட்டாள்.

“நேரம் ஆகுது, பூட்டை எடுத்துடலாம்” என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். இன்று அதற்குத்தான் கைதூக்கச் சொல்லப் போகிறார் தலைவர். எவ்வளவு நேரம் ஆகிறது? அரை நிமிடம்! ஒரு மனிதனின் மூச்சுக்கு அரை நிமிடம் அதிகமா? ஒரு வீட்டின் நிம்மதிக்கு அரை நிமிடம் அதிகமா? சொல்லுங்கள், அதிகமா?

நான் நிற்கும் இந்த மேடையை அடித்துக் கொடுத்தவர் அந்தத் தச்சர்தான். அதோ, முன்வரிசையில் இருக்கிறார். இன்று மதியம் அவருக்கும் நம் சாப்பாடுதான். அவர் பெயருக்கு நேரே ‘உண்டு, வேர்க்கடலை’ என்று காலையில் நானே எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

பூட்டை எடுக்க வேண்டும் என்பவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே கை தூக்குங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!