பெரிய குழாயின் வெளிச்சுவர்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி எனக்கு எதிரில் உட்கார்ந்த இருவரும் தண்ணீர் லாரி ஓட்டுநர்கள். மடியில் ஸ்கேன் கவர் வைத்திருந்தவர்தான் ஆரம்பித்தார்.

“மாமே, ரத்தக் கொழாய்க்கே ரத்தம் வேற கொழாய்லதான் வர்தாம். டாக்டர் சொன்னாரு.”

“இன்னா கதை இது? உள்ளாறதான் அவ்ளோ ரத்தம் ஓடுதே!”

“ஓடுது. ஆனா நெஞ்சுலர்ந்து கெளம்புற பெரிய கொழாய்க்குச் செவுரு தடிமன். உள்பக்கம் மட்டும்தான் அத்தக் குடிச்சுக்கும், வெளிப்பக்கத்துக்கு எட்டாது. அதுக்குன்னு நூலாட்டம் குட்டிக் கொழாயுங்க செவுத்து மேலயே பின்னிகினு கீதாம்.”

நண்பர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நாள் பூரா அம்பத்தூர் ஃபிளாட்டுங்களுக்கு லோடு அடிக்கிறேன். திருநின்றவூர்ல என் ஊட்டு டிரம்முக்கு நீதான் வந்து ஊத்துற. அத்த மாதிரியா?”

“அத்த மாதிரிதான்.”

“சரி, உன் கொழாய்க்கு இன்னா?”

“வீங்கிக் கீது. ஆபரேசன் பண்ணணுமாம்.”

“ஊட்ல சொன்னியா?”

“இல்ல மாமே. வாயே வர்ல.”

பட்டாபிராம் வந்தது. வீட்டுக்குப் போக, கவரோடு அவர் எழுந்தார். திருநின்றவூர் வரை போக வேண்டிய நண்பரும் கூடவே எழுந்தார்.

“நட. நான் வந்து சொல்றேன்.”