எழுநூறுக்குக் கீழே

— மார்க்கு எழுநூறுக்குக் கீழ வந்தா கேன்சல்னு சொன்னேனா இல்லையா? காலையில பரீட்சைக்கு உன்னை இறக்கிவிடும்போது, கார் கதவைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவ சொன்னேன் பாப்பா!

— சொன்னே.

— அப்புறம்?

— அறுநூத்தி எண்பது வந்துச்சு. வச்சுக்கிட்டேன்.

— வச்சுக்கிட்டாளாம்! குடையா இது, மழை வந்தா உதவும்னு வச்சுக்கறதுக்கு?

— மெதுவாப் பேசுண்ணா. ஷட்டர் பாதிதான் இறங்கியிருக்கு. வெளியில பிளம்பருங்க நிக்கறாங்க.

— நிக்கட்டும், நல்லாக் கேக்கட்டும். குழாய்க் கடைக்காரன் தங்கச்சி எம்பிஏ பரீட்சைய ரெண்டாவது தடவையும் கோட்டை விட்டுட்டு, கூலா வந்து மோட்டார் டப்பா மேல உக்காந்திருக்கான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.

— கோட்டை விடல. பரீட்சை முடிஞ்ச உடனே என்ன நடக்கும் தெரியுமா உனக்கு? ஸ்கிரீன்ல மார்க்கு வந்து நிக்கும். அதுக்குக் கீழ ரெண்டு பட்டன். வச்சுக்கறியா, கேன்சலா? ரெண்டு நிமிஷம் டைம். போன வருஷம் அறுநூத்தி அறுபது வந்தப்போ உன் குரல்தான் காதுல கேட்டுச்சு. அமுக்கினேன் கேன்சலை. பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, யாரும்மா தவறிட்டாங்கன்னு கேட்டாங்க. இன்னிக்கியும் அந்தக் குரல் கேட்டுச்சு. போடான்னுட்டேன்.

— என்னை போடான்னியா?

— மனசுக்குள்ளதான்.

— நல்லாயிருக்கு! நீயே கணக்குப் போட்டுப் பாரு பாப்பா. நீ போகணும்னு நிக்கற அந்தக் காலேஜுக்கு வர்றவன்லாம் யாரு? இங்கிலீஷ்லயே தும்முறவன். அவனுங்க நடுவுல அறுநூத்தி எண்பத எடுத்துக்கிட்டுப் போய் நின்னா கேட்டுக்குள்ள விடுவானா? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுநூத்திப் பத்து எடுத்தவன். இதே ஸ்டூல்ல உக்காந்து படிச்சேன். ஒரு கையில புஸ்தகம், ஒரு கையில பைப் ரெஞ்சு. சீட்டும் வந்துச்சு. அப்பா மாடிப்படியில விழுந்தாரு. ஆறு மாசத்துல போயும் சேர்ந்தாரு. அப்போ காலேஜுக்கு யாரு போனா? இந்தக் கல்லாவுல யாரு உக்காந்தா?

— நீதான். மறக்க விட்டாத்தானே.

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு. அடுத்தது, எனக்கு ஸ்கூல் ஷூ வாங்கிக் குடுத்த கதைதானே?

— வாய், வாய்! இந்த வாய்க்கு மார்க்கு குடுத்தா மொத்த எண்ணூறையும் தாண்டும். சரி, ஆனது ஆச்சு. கடைசில திரும்பிப் போய் மூணு பதிலை மாத்தலாமே, அதையாவது ஒழுங்கா மாத்தினியா, இல்ல அதுலயும் தூங்கிட்டியா?

— மாத்தினேன். ரெண்டு தப்பைச் சரி பண்... இரு. இப்ப என்ன சொன்னே?

— என்ன சொன்னேன்?

— மூணு பதில் மாத்தலாம்னு உனக்கு எப்படித் தெரியும்?

— எப்படித் தெரியும்னா? பரீட்சை எழுதினவன் நான்!

— நீ எழுதினப்போ அது கிடையாது. "ஒரு தடவ அமுக்கினா அமுக்கினதுதான், திரும்பிப் போக முடியாது." இதை எத்தனை தடவ சொல்லியிருப்பே? மூணு பதில் மாத்தற விஷயம் இந்த வருஷம்தான் வந்துச்சு. நான் உன்கிட்ட சொல்லவே இல்ல.

— கோச்சிங் சென்டர்காரன் யாராவது சொல்லியிருப்பான்.

— எந்த கோச்சிங் சென்டர்? அதெல்லாம் வேணாம், கொள்ளையடிக்கறானுங்க, நானே சொல்லித் தரேன்னு சொன்னது யாரு?

— ஏய், போன் அடிக்குது, விடு. ஹலோ... சொல்லுங்க மேஸ்திரி. அரை இஞ்ச் எல்போவா? இருக்கு, இருக்கு. எத்தனை வேணும்?

— போனை வைண்ணா.

— இருங்க மேஸ்திரி, நானே கூப்பிடறேன். பாப்பா, வியாபார நேரத்துல...

— இந்தப் பரீட்சை எப்படிக் கேள்வி கேக்கும்னு நீதான் சொல்லிக் குடுத்தே. முதல்ல சுலபமா ஒண்ணு. சரியாச் சொன்னா அடுத்தது கஷ்டமா வரும். தப்பாச் சொன்னா சுலபமாவே வந்துக்கிட்டிருக்கும், அப்பவே தெரிஞ்சுக்கலாம் நம்ம கதை முடிஞ்சுதுன்னு. நானும் அப்படியே கேக்கறேன். சுலபமா ஒண்ணு. போன மாசம் குழாய்க் கம்பெனி டீலர் மீட்டிங்னு காலையில கிளம்பிப் போனியே, எங்க நடந்துச்சு?

— எங்க நடக்கும்? ஹோட்டல்ல.

— எந்த ஹோட்டல்?

— அது... பேரெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறா?

— தப்பு. சரி, இன்னும் சுலபமா ஒண்ணு. அன்னிக்கித் திரும்பி வந்தப்போ உன் இடது உள்ளங்கை ஓரம் முழுக்கக் கறுப்பு. என்னண்ணா இதுன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

— வால்வுல போடற கிரீஸ்னு சொன்னேன். கிரீஸ்தான்.

— டீலர் மீட்டிங்ல வால்வைப் பிரிச்சு மாட்டச் சொன்னாங்களா?

— பாப்பா...

— என் கையைப் பாரு. வலது கை, ஓரம். தெரியுதா? உள்ள பேப்பர் கிடையாதுண்ணா. துடைச்சுத் துடைச்சு எழுத வழவழன்னு ஒரு அட்டையும் ஒரு மார்க்கர் பேனாவும் குடுக்கறாங்க. எழுத எழுதக் கை தேச்சுக்கிட்டே போகும், மையெல்லாம் ஒட்டிக்கும். நீ இடது கைக்காரன், உனக்கு இன்னும் ஜாஸ்தி. இது சோப்புக்குப் போகாது. கிரீஸா இருந்தா கெரசின் போட்டா அன்னிக்கே போயிருக்கும். நீ ரெண்டு நாள் கையை மடக்கிக்கிட்டே சாப்பிட்டே.

— சரி, போதும் பாப்பா.

— கடைசிக் கேள்வி. எவ்வளவு வந்துச்சு?

— அது உனக்கு எதுக்கு?

— எவ்வளவு?

— அறுநூத்தி நாப்பது.

— கேன்சல் பண்ணிட்டியா?

— அந்த மேஸ்திரியத் திரும்பக் கூப்பிடணும், விடு.

— எழுநூறுக்குக் கீழ ஆச்சே. கேன்சல் பண்ணினியாண்ணா?

— இல்ல.

— வச்சுக்கிட்டே.

— வச்சுக்கிட்டேன்! அதுக்கு என்ன இப்போ? பழைய எழுநூத்திப் பத்து அஞ்சு வருஷத்துலயே செல்லாமப் போச்சு. எனக்குப் பன்னெண்டு வருஷக் கடை அனுபவம் இருக்கு. அதைப் பாத்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கான். போதுமா?

— அதே காலேஜா?

— அதே காலேஜ்.

— அப்போ போன வருஷம் என்னை கேன்சல் பண்ணச் சொன்னது?

— ரெண்டு பேரும் போக முடியாது பாப்பா! ஒருத்தர் போனா ஒருத்தர் இங்க இருக்கணும். அறுநூத்தி அறுபது வந்துச்சுன்னு நீ சொன்ன அன்னிக்கி எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாது. அந்த மார்க்கோட நீ போயிருந்தா அவ்வளவுதான், நான் சாகற வரைக்கும் வாஷரும் டெஃப்லான் டேப்பும் வித்துக்கிட்டு இருக்கணும். அப்பா விழுந்தப்போ நீ ஒன்பதாவது படிச்சே. உனக்காக உக்காந்தேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் போகணும்னு நினைச்சது தப்பா?

— நினைச்சது தப்பில்ல. கேட்டிருக்கலாமே! அண்ணனாச்சே, போண்ணா, நான் பாத்துக்கறேன்னு நானே சொல்லியிருப்பேனே! நீ கேக்கல. என் வாயாலயே எனக்கு அறிவு பத்தாதுன்னு சொல்ல வச்சே. ஒரு வருஷம், ஒரு வருஷம் முழுக்க, நான் முட்டாள்னு நம்பிக்கிட்டு இருந்தேன். உன் எழுநூத்திப் பத்தைச் சுவத்துல எழுதி ஒட்டி வச்சுக்கிட்டுப் படிச்சேன்டா நான்!

— டாவா?

— இப்ப மனசுக்குள்ள இல்ல.

— தெரியாமத்தான் கேக்கறேன், பின்னாடி குடோன்ல இந்த வீட்டு மருமக ஒருத்தி இருக்கான்னு உங்க ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கா, இல்லையா?

— நீ உள்ள போ. இது எங்க விஷயம்.

— போறேங்க. இன்டர்வியூன்னு காதுல விழுந்துச்சு. யாருக்கு, என்னிக்கின்னு உங்க பொண்டாட்டி தெரியாமத்தான் கேக்கறேன்.

— உங்ககிட்டயும் சொல்லலையா அண்ணி?

— சொல்றதா? டீலர் மீட்டிங்குன்னு சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தவளே நான்தான் பாப்பா.

— சொல்லலாம்னுதான் இருந்தேன். முதல்ல கிடைக்கட்டும்னு...

— கிடைச்சதும் பெட்டியக் கட்டிட்டுச் சொல்லியிருப்பீங்க. சரி, அது வீட்டுல போய்ப் பேசிக்கலாம், நான் ஒண்ணும் மறக்க மாட்டேன். இப்போ கடை விஷயம். ரெண்டு பேரும் போக முடியாது, ஒருத்தர் இருக்கணும்னு இவ்வளவு நேரமாக் கத்தறீங்களே. நீங்க பரீட்சை எழுதப் போன அன்னிக்கி இவ மாடியில பிராக்டிஸ் டெஸ்ட் எழுதிக்கிட்டு இருந்தா. கடையை யாரு திறந்தது? யாராவது கேட்டீங்களா?

— நீயா?

— இல்ல, பூட்டு தானா திறந்துக்கிச்சு! கல்யாணத்துக்கு முன்னாடி டைல்ஸ் கம்பெனியில விற்பனை பாத்தவ நான். வந்த மறுவாரமே கேட்டேன், நானும் கவுன்டர்ல நிக்கறேனேன்னு. வீட்டுப் பொம்பளை கல்லாவுல உக்காந்தா நல்லாயிருக்காதுன்னீங்க. அதே கல்லாவுல உங்க தங்கச்சி உக்காந்து பில் போட்டுக்கிட்டு இருந்தா. அவ வீட்டுப் பொம்பளை இல்லையா, இல்ல நான்தான் இல்லையா?

— இப்ப என்னதான் சொல்ல வர்றே?

— நான் பாத்துக்கறேன் கடையை. நீங்களும் போங்க, அவளும் போகட்டும். ஒரே வகுப்புல உக்காந்து ஒருத்தர் முடியை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுப் படிங்க. ஆனா நாளைக்கு லீவுல வந்து கல்லாவைத் திறந்து, இதென்ன அதென்னன்னு கேக்கக் கூடாது. கடையை என் பேருக்கு மாத்திக் குடுத்துட்டுப் போங்க.

— அதெப்படி முடியும்? அப்பா கட்டின கடை!

— பாத்தியா பாப்பா? பன்னெண்டு வருஷமா என் கழுத்தை நெரிக்குதுன்னு அழுத கடை. இன்னொருத்தி கையை நீட்டினதும் அப்பா கட்டின கடை ஆயிடுச்சு.

— அது அப்படி இல்ல... பாப்பா, நீ சொல்லு. உனக்கும்தானே இது. பாதி உன் பேருல இருக்கு. விட்டுடுவியா? சொல்லு இவகிட்ட!

— அண்ணி.

— சொல்லும்மா.

— என் படிப்புக்கு ஃபீஸ் கட்டுவீங்களா?

— ரெண்டு வருஷமும் கட்டறேன். என் வளையல் இருக்கு. பத்தலைன்னா, கடை இருக்கும்.

— பாப்பா, என்ன பேச்சு இது? கணக்குப் போட்டுப் பாரு! அறுநூத்தி எண்பதுக்குச் சீட்டே கிடைக்குமோ கிடைக்காதோ, அதை நம்பி யாராவது...

— போட்டுட்டேண்ணா. என் பாதி அண்ணிக்கு, நாளைக்கே எழுதித் தரேன். நான் வச்சுக்கறது இன்னிக்கி வந்த மார்க்கை மட்டும்தான். இனிமே இந்தக் கடைக்கு நீயும் அண்ணியும்தான் முதலாளி. உன் பாதியை வச்சுக்கறியா, கேன்சல் பண்றியா? ரெண்டு நிமிஷம் இருக்கு. நான் ஷட்டரைத் தூக்கறேன், பிளம்பருங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க.