பத்துக் காசுக் காயக்கட்டு

நல்லா பாருங்க தம்பி, கூச்சப்படாதீங்க. ரெண்டு கை, பத்து விரலு. இந்த ஆள்காட்டி விரல்ல இருக்கறது தையல் மெஷின் ஊசி உள்ள போயி வெளிய வந்த தழும்பு. கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத் தழும்பு இருக்குமா? எழுதிக்கோங்க, மனுஷி தான்னு. இந்த ஒரு வரி எழுதறதுக்கா அவ்ளோ பெரிய ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?

அய்யோ, அந்தத் துணி மேல உக்காந்துடாதீங்க. நாளைக்கு மாப்பிள்ளை போட வேண்டிய கோட்டு அது. இந்தப் பக்கம் தள்ளிட்டு உக்காருங்க. ஆங். தண்ணி ஜக்குல இருக்கு, எடுத்துக் குடிங்க.

இல்லல்ல, உங்களப் பாத்து சிரிக்கல. எனக்குக் கோவம் வந்தா இப்படித் தான் சிரிப்பு வரும். பின்ன என்ன தம்பி? ஆறு வருஷமா உங்க ஆன்லைன் விளையாட்டுல, கோட்டை வாசல் சந்தையில, எடது பக்கம் மூணாவது கடை என்னோடது. காயம்பட்டு வர்றவங்களுக்குக் கட்டு போட்டு விடறேன். ஒரு கட்டு பத்துக் காசு. அன்னைக்கும் பத்து, இன்னைக்கும் பத்து. வெலய ஏத்தவே மாட்டேங்குதே, இது மனுஷனா இருக்க முடியாதுன்னு உங்க கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுச்சாம். கெட்டிக்காரக் கம்ப்யூட்டர். மனுஷங்களப் பத்தி நல்லாத் தான் தெரிஞ்சு வச்சிருக்கு.

ஏன் பத்துன்னா... கைப்பழக்கம். அவ்ளோ தான். அப்படியே எழுதிக்கோங்க.

நீங்க அந்த ஆபீஸ்ல சேந்து எத்தன வருஷம் ஆச்சு? ரெண்டா? அப்ப உங்களுக்குப் பழைய சந்தை தெரியாது. நான் வந்தப்போ ஒரு குதிர ரெண்டாயிரம் காசு. அந்த ரெண்டாயிரத்த சேக்க ஒரு மாசம் ஆகும். ஓநாய அடிக்கணும், தோல உரிக்கணும், கூவி விக்கணும். குதிர வாங்குன அன்னைக்கு ஒரு தெரு விடாம ஓட்டிட்டுப் போய் காட்டுவாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கும். இன்னைக்கு அதே குதிர ரெண்டு கோடி. அதே குதிர தம்பி! கூடுதலா ஒரு காலு கூட முளைக்கல. ஒரு ரொட்டி நாப்பதாயிரம். காசுப் பையத் தூக்கிட்டு வந்தா கடைக்காரங்க மொகத்தத் திருப்பிக்கறாங்க. உப்பு வச்சிருக்கியான்னு கேக்கறாங்க.

ஆமா, உப்புக்கட்டி தான். உங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதா? இப்ப அங்க எல்லாமே உப்புல தான் நடக்குது. குதிர முந்நூறு உப்பு, வீடு ரெண்டாயிரம் உப்பு. ஏன்னா உப்பு செலவாகும். கறியப் பதம் பண்ணப் பண்ண தீந்து போகும். உங்க காசு எங்க தீருது? ஒரு பூதத்த வெட்டுனா நூறு காசு கொட்டுது. அந்த நூறு யாரு பையிலேர்ந்து வந்துச்சு? யாரு பையிலேர்ந்தும் இல்ல, அந்தரத்துல பொறந்துச்சு. ஒரு நாளைக்கு எத்தன லட்சம் பூதம் சாவுதுன்னு உங்களுக்குத் தான் தெரியும். அது போதாதுன்னு நீங்களே வேற நெசப் பணத்துக்குக் காசு மூட்டை விக்கறீங்க. உள்ள வர்றதுக்கு ஆயிரம் குழா, வெளிய போறதுக்கு ஒரு ஓட்டை இல்ல. தொட்டி வழிஞ்சா மட்டும் பதறிப் போய் துணியத் தூக்கிட்டு ஓடி வரீங்க.

இதுல ஒரு வேடிக்க சொல்லட்டா? புதுசா ஒரு ஆளு விளையாட வந்தா, கையில என்ன குடுத்து உள்ள அனுப்பறீங்க? பத்துக் காசு. அன்னைக்குக் குடுத்த அதே பத்து. அத மாத்தணும்னு மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. வாசல் தாண்டுனதும் ஓநாய் கடிக்கும், அது நீங்க வச்ச ஓநாய். கட்டு போட எதுத்த கடைல முப்பதாயிரம். கையில பத்து. என்ன பண்ணும் அந்தப் புள்ள? ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கும். சாவும். எந்திரிக்கும். திரும்பக் கடிபடும். மூணாவது தடவ போனக் கீழ வச்சிட்டு வேற சோலியப் பாக்கப் போயிடும்.

அதுக்குத் தான் பத்தான்னா... அப்படியும் வச்சுக்கலாம். எழுதுங்களேன், தர்மம்னு. உங்க கட்டத்துல எது ஒக்காருதோ அத எழுதுங்க.

நஷ்டம் தான், நான் இல்லேன்னு சொன்னேனா? கட்டுல வைக்கற பச்சிலய வெல குடுத்து வாங்குனா கட்டுப்படி ஆகுமா? தெனம் காலைல அஞ்சு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் விளையாட்டுல இருக்கற காட்டுக்குள்ள போய் நானே பறிக்கறேன். அப்பறம் தான் இந்த மெஷின்ல உக்காருவேன். மொதல்ல ஏமாந்தேன், அதையும் சொல்லிடறேன். கட்ட கையில குடுத்துட்டிருந்தேன். ஒருத்தன் எங்கிட்ட நூறு கட்டு வாங்கிட்டுப் போய், எனக்கு நேரா எதுத்தாப்ல கடை போட்டு ஆயிரம் ஆயிரம்னு வித்தான். வணக்கம் வேற வச்சான் எனக்கு! அன்னைலேர்ந்து கையில குடுக்கறதில்ல. உக்காரு, காலக் காட்டு, நானே கட்டி விடறேன். காயம் இருந்தா தான் கட்டு. முழுசா இருக்கற ஆளுக்கு எங்கிட்ட வேல இல்ல. ஒரு நாள் ஒரு பெரிய வீரரு, பத்து குதிர வச்சிருக்கறவரு, எங்கிட்ட மலிவுன்னு ஓநாய்கிட்ட வேணும்னே கடி வாங்கிட்டு வந்து வரிசைல நிக்கறாரு. கட்டி விட்டேன். கடிபட்டா கட்டு, அதுல ஏழை பணக்காரன் பாக்கறதில்ல.

என்ன காகிதம் அது? குடுங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். ம். அடுத்த வாரத்துலேர்ந்து புதுக் காசு. ஆறு சைபர வெட்டறீங்க. பழைய பத்து லட்சம் குடுத்தா புதுசு ஒண்ணு. எந்தக் கடையும் ஒரு புதுக் காசுக்குக் கீழ எதையும் விக்கக் கூடாது. கையெழுத்துப் போடலன்னா கடைய எடுத்துடுவீங்க. சரி. புதுசா வர்ற ஆளுக்கு எத்தன புதுக் காசு தருவீங்க? யோசிச்சிட்டிருக்காங்களா? யோசிங்க, யோசிங்க. பூதத்துக்கிட்டேர்ந்து கொட்டுதே, அத நிறுத்துனீங்களா? இல்ல. மூட்டை விக்கறத? அதுவும் இல்ல.

நான் ஒரு தையக்காரி, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். கோட்டு இறுக்குதுன்னு வந்தா பட்டனத் தள்ளி வச்சுத் தருவேன். மறு மாசமும் வந்தா மறுபடி தள்ளுவேன். அந்தாளு தின்னுக்கிட்டே இருந்தா நான் எங்க கொண்டு போய் வைக்கறது பட்டன, முதுகுலயா?

போட மாட்டேன் தம்பி. பேனாவ மூடுங்க, மை காஞ்சிடும். கடைய எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. அதுல வேல பாக்கற ஆள மட்டும் நீங்க பயமுறுத்த முடியாது.

என்ன சொன்னீங்க? இந்தக் காசு வெள்ளம் எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு கண்டுபுடிச்சிட்டீங்களா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி திருட்டுத்தனமா காசப் பெருக்குன ஆளா? யாரு?

எறும்பா?

எங்க பக்கத்துக் கடை எறும்பா? மீன் விக்கறவரா? அய்யய்யே, என்ன பேசறீங்க. அந்தாளு நேர்ல கப்பல்ல சமையக்காரரு தம்பி. நான் பாத்ததில்ல, கொரல் கூட கேட்டதில்ல. எல்லாம் எழுத்துல தான். துண்டு துண்டா சேத்து வைக்கறதால எறும்புன்னு பேரு. கரைல இருக்கறப்போ விளையாடுவாரு. கடலுக்குப் போனா மூணு மாசம், நாலு மாசம் ஒரு சிக்னலும் கெடையாது. அப்பல்லாம் அவரு கடைய நான் தான் பாத்துக்குவேன். பாஸ்வேர்ட எங்கிட்ட குடுத்துட்டுப் போவாரு. தப்பு தான், உங்க சட்டப்படி தப்பு. வீட்டு சாவிய பக்கத்து வீட்டுல குடுக்கறதில்லயா? அது மாதிரி.

விளக்கம் கேட்டு கடுதாசி அனுப்புனீங்க. ஏழு நாள் தவணை. பதில் வரல. எப்படி வரும்? அந்தாளு நடுக்கடல்ல வெங்காயம் உரிச்சிட்டிருப்பாரு! பதில் வரலன்னா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரின்னு எந்த ஊரு ஞாயம்? சாயங்காலமா? இன்னைக்கு சாயங்காலமே கோட்டை வாசல் பலகைல அவரு பேரப் போட்டு, திருடன்னு எழுதி, கடைய மூடிடுவீங்களா?

இருங்க. நூலு அறுந்துடுச்சு. கோத்துக்கறேன்.

ம்.

உங்க ஏட்டுல என்ன இருக்குன்னு படிங்க. பரவால்ல, படிங்க. நாலு நாளு. முப்பது லட்சம். பத்தாயிரம் பத்தாயிரமா, முந்நூறு தடவ அவரு கைக்கு வந்திருக்கு. சரி. யாரு கையிலேர்ந்து வந்துச்சு? அந்தக் கட்டம் காலியா இருக்கா? வாங்குன கை இருக்கு, குடுத்த கை இல்ல. எத்தன இன்ஜினியரு தேடுனாங்க இத? பதினொரு பேரா? பாவம். இன்னும் நூறு பேரு தேடுனாலும் கெடைக்காது தம்பி. அது உங்க கம்ப்யூட்டர்ல இல்ல. இந்த வீட்டு மெயின் சுவிட்சுல இருக்கு.

அந்தா, இஸ்திரிப் பெட்டி இருக்குல்ல? மெஷினும் ஓடி, அதையும் போட்டா, சுவிட்சு பட்டுன்னு விழுந்துடும். வீடே அணைஞ்சிடும், வைஃபையும் சேத்து. ஒரு நாள் எறும்போட மீன் வித்த காச அவரு பைக்கு மாத்திட்டிருந்தேன். இந்தக் கையில என் போனு, வைஃபைல. அந்தக் கையில அவரு கணக்கத் தொறந்த போனு, சிம்முல. பத்தாயிரம் குடுத்தேன், பெட்டியப் போட்டேன், கரண்ட் போச்சு. திரும்ப வந்து பாக்கறேன், அவரு பையில பத்தாயிரம், எம் பையிலயும் பத்தாயிரம். வாங்குனேன்னு அங்க பதிஞ்சிடுச்சு. குடுத்தேன்னு இங்க பதியல.

நாலு மத்தியானம். முந்நூறு தடவ. மாடி வீட்டம்மா எறங்கி வந்து சண்டைக்கே நின்னாங்க, அவங்க டிவியும் சேந்து அணைஞ்சிடுதுன்னு. கோட்டு அவசரம்க்கான்னு சொன்னேன். அந்த முப்பது லட்சத்த எறும்பு கணக்குலேர்ந்தே ஒரு தரகனுக்கு வித்தேன், நெசப் பணத்துக்கு. எறும்போட மீன் காசுல ஒண்ணு தொடல.

எதுக்குன்னா கேக்கறீங்க? என் வீட்டுக்காரரு லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவரு. மூணாவது மாடிலேர்ந்து குழிக்குள்ள விழுந்துட்டாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள பணம் கட்டுனா கம்பி வச்சு கால நிறுத்தலாம், இல்லன்னா முட்டிக்குக் கீழ எடுக்கணும்னுட்டாங்க. வியாழக்கெழமை கட்டுனேன்.

தப்பு தான். நாளைக்கே அந்த நெலம வந்தா திரும்பப் பண்ணுவேன். அதையும் எழுதுங்க. ஆனா கேளுங்க, அதுக்கு அடுத்த மாசம் சந்தைக்குப் போறேன், குதிர முப்பதாயிரம். கட்டு முந்நூறு. என் கடைக்கு எதுக்க ஒரு புதுப் புள்ள பத்துக் காச நீட்டிக்கிட்டு கடை கடையா ஏறி எறங்குது. எல்லாரும் தொரத்தறாங்க. அங்கயே விழுந்துச்சு. அப்பறம் வரவே இல்ல. மறுநாள் தான் நான் கட்டு போட ஆரம்பிச்சேன், பத்துக் காசுக்கு. அந்தப் பத்துக் காச செல்லாக் காசா ஆக்குனதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கு. முப்பது லட்சம் என்னுது, அதுக்கு நான் நிக்கறேன். மிச்ச கோடி கோடி உங்களோடது, அதுக்கு யாரு நிக்கறீங்க?

அதெல்லாம் இருக்கட்டும், மொதல்ல எறும்பு பேர அடிங்க. என் கண்ணு முன்னாடி அடிங்க. என் பேரப் போடுங்க, பலகைல பெருசாவே போடுங்க. போலீசுக்குப் போனாலும் போங்க, விலாசம் தான் கையில இருக்கே. நான் இப்ப சொன்னதுக்குக் கீழ எங்க போடணும் கையெழுத்து? இங்கயா?

ஒண்ணே ஒண்ணு தம்பி. வீட்டுக்காரருக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கட்டுனது அவரு மொதலாளி குடுத்த பணம்னு சொல்லி வச்சிருக்கேன். வெளிய சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாருன்னு இன்னொரு பொய்யையும் சேத்து. அந்த நன்றிக்கு மனுஷன் லீவு நாள்ல கூட வேலைக்கு ஓடறாரு. அந்த மொதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ எட்டிப் பாக்கல, அது வேற கத. அதனால வர்ற கடுதாசிய அவரு பேருக்குப் போடாம, எம் பேருக்கே...

என்ன தம்பி, எனக்குப் பின்னாடி யாரப் பாக்கறீங்க?

ஓ.

எப்ப வந்தீங்க? இன்னைக்கு சாப்பாட்டுக்கு சீக்கிரமே வந்துட்டீங்களா? எது வரைக்கும் கேட்டீங்க? ம். இஸ்திரிப் பெட்டிலேர்ந்தேவா. சரி. ரெண்டாவது தடவ சொல்ற வேல மிச்சம். அந்தக் கால வச்சுக்கிட்டு நிக்காதீங்க, உக்காருங்க. தம்பி, அந்தக் கோட்ட எடுத்து மடில வச்சுக்கோங்க, அவருக்கு எடம் விடுங்க.

என்னை அப்படிப் பாக்காதீங்க. திட்டணும்னா அப்பறம் திட்டுங்க, கேட்டுக்கறேன். நாளைக்குக் காலைல மொத வேலயா மொதலாளிகிட்ட போயி சம்பளத்தக் கூட்டிக் கேளுங்க. ஆறு வருஷமா அதே சம்பளம் வாங்கறீங்க, அந்தாளு உங்களுக்கு ஒண்ணுமே பண்ணல.