ஒரே பேட்ச்

எனக்கு முட்டை ஆகாது, டாக்டரம்மா. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு முட்டை தின்னாத மனுஷன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். வாசனையே குமட்டும். மணியன் பண்ணை முதலாளிக்கு முட்டை இறங்காதாம் என்று ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். டீ குடியுங்கள், சரிதா நன்றாகப் போடுவாள்.

உங்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. தமிழினி என்று எவ்வளவு நல்ல பெயர், இந்தப் பங்குனி வெயிலில் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் அந்தப் புது மாத்திரையால் யாருக்கு நல்லது, யாருக்குக் கெடுதல் என்று வீடு வீடாக விசாரிக்க வைத்துவிட்டார்கள். உங்கள் கேள்வி நியாயமானது. என் சம்சாரம் உஷாராணி ஒரு வேளை விடாமல் மாத்திரை போட்டிருக்கிறாள், காலி அட்டைகளை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அப்புறம் எப்படி ரத்தம் கட்டி, வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனது என்கிறீர்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளப் போகிறீர்கள். அப்படி எழுத விட எனக்கு மனசு வரவில்லை. தப்பான முடிவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது, பண்ணைப் பழக்கம் அப்படி.

முதலில் பண்ணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தீவனக் கம்பெனிக்காரன் மாசத்துக்கு ஒருத்தன் டை கட்டிக்கொண்டு வருவான். இந்த மருந்தைக் கலந்தால் முட்டை கூடும், ஓடு கெட்டிப்படும் என்பான். எத்தனை கோழி சாகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். அதனால் நாங்கள் எல்லா ஷெட்டுக்கும் போட மாட்டோம். புளியமரத்துக்குப் பக்கத்தில் தெரிகிறதே கடைசி ஷெட், அதற்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். அதில் இருப்பதும் முதல் ஷெட்டில் இருப்பதும் ஒரே பேட்ச் குஞ்சாக இருக்க வேண்டும். ஒன்றாகப் பொரித்து, ஒரே வண்டியில் வந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்த்துப் பிரயோஜனமில்லை. நீங்கள் படித்தவர்கள், ஆராய்ச்சி என்கிறீர்கள். நாங்கள் கடைசி ஷெட் என்கிறோம். ரெண்டும் ஒன்றுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வருஷம் தை மாதம் உஷாவுக்குப் படபடப்பு வந்தது. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும், தினமும் ஒரு மாத்திரை கட்டாயம் என்றார். வீட்டுக்கு வந்து, டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தேன். நன்மை நாலு வரி. ஆபத்து முன்னும் பின்னுமாக நிரம்பிக் கிடந்தது. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, மூளைக்குள் ரத்தக்கசிவு என்று போய்க்கொண்டே இருக்கிறது. கோழிக்கே கடைசி ஷெட் பார்க்கிறவன், பெண்டாட்டிக்குப் பார்க்காமல் இருப்பேனா? எனக்கு அவள் என்றால் உயிர். அவள் எதிரில் உட்காராமல் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவளுடைய தம்பி அர்த்தநாரி எங்களோடுதான் இருந்தான். திருச்செங்கோட்டு ரிக் லாரியோடு வடக்கே போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவன், இடுப்பு வலி வந்ததும் வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டான். கல்யாணம் காட்சி இல்லை. சாப்பாட்டு ராமன், வாயும் ஓயாது. மாமன் மச்சினன் கேலி எப்படி என்று உங்களுக்கே தெரியும். எங்கள் கல்யாணத்தன்று என் செருப்பைக் கோழிக்கூண்டில் வைத்துப் பூட்டியவன் அவன். அதற்குப் பதில் கேலி செய்ய மாமாவுக்குத் துப்பில்லை என்று வருஷக்கணக்காகக் குத்திக்காட்டுவான். அக்காவும் தம்பியும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அதே மூக்கு, அதே சர்க்கரை, அதே முன்கோபம். ஒரே பேட்ச். அவனை விட்டால் வேறு யாரை எடுப்பது? வேலைக்கு வருகிற ஆளையா? அது அநியாயம் அல்லவா.

காலையில் அவனுக்குச் சத்துமாவுக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தேன். உஷாவின் மாத்திரையைப் பொடித்து அதில் போட்டுவிடுவேன். உஷாவுக்கு அதே அளவில், அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை. சாப்பிட்டு முடித்ததும் நானே தண்ணீரோடு நீட்டுவேன்.

"உங்க கையில வாங்கி முழுங்குனாத்தானுங்க எனக்கு மனசு நெறையுது" என்பாள்.

அர்த்தநாரி சும்மா இருப்பானா. "ஏனுங் மாமா, கோயில் நோம்பிக்கு அறுக்கறதுக்கா என்னைய இந்தத் தேத்து தேத்தறீங்க?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை வழித்து நக்கிவிட்டு வைப்பான். உஷாவுக்குச் சிரிப்புத் தாங்காது. கட்டினவளுக்கு ஒரு வாய் சுடுதண்ணி வைத்துக் கொடுக்காத மனுஷன் மச்சினனுக்குக் கஞ்சி ஆற்றுகிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த நாட்களில் வீடு கலகலப்பாகத்தான் இருந்தது.

கொஞ்ச காலம் ஒரு கெடுதலும் இல்லை. தீனி நன்றாக எடுத்தான், நன்றாகத் தூங்கினான். பிறகு பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. வேப்பங்குச்சி குத்தியிருக்கும் என்றான். கையிலும் தொடையிலும் நீலத் திட்டுகள் வந்தன. எவள் கிள்ளினாள் மாப்பிள்ளை என்று நான் கேட்டேன், இந்த வயதில் வெட்கப்பட்டான். உஷாதான் அவனை டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி நச்சரித்தாள். நான் தள்ளிப் போட்டேன். நடுவில் வைத்தியம் பார்த்தால் சோதனை கெட்டுவிடும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு வலிக்கு அவன் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட மாத்திரையையும் நான் தடுக்கவில்லை. ரெண்டையும் சேர்க்கக் கூடாது என்று காகிதத்தில் போட்டிருந்தது. உஷாவும் முழங்கால் வலிக்கு அதையே போடுகிறவள். சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

கடைசி ஷெட்டின் வாசல் தாழ்வு. குனியாமல் நுழைந்தால் இரும்புச் சட்டம் நெற்றியில் இடிக்கும். அர்த்தநாரி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதில் இடித்துக்கொண்டே இருந்தான், நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். ஆனி மாதம் ஒரு மத்தியானம் மறுபடி இடித்தான். அன்றைக்கும் சிரித்தோம். சாயங்காலம் தலைவலி என்றான், வாந்தி எடுத்தான், வாய் குழறியது. காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். இடுப்பு வலி மாத்திரை என்றேன். அதுவும் உண்மைதானே. விடிவதற்குள் போய்விட்டான். தலையில் அடி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாமன் முறைக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ ஒன்று குறையாமல் செய்தேன். நான் அழுதது பொய்யில்லை, டாக்டரம்மா. அந்தச் செருப்பு விஷயத்துக்கு அவன் ஆசைப்பட்ட பதில் கேலியைக் கடைசிவரை செய்யாமல் விட்டுவிட்டேனே என்று நினைத்துத்தான் அதிகம் அழுதேன்.

இந்தப் பேட்சுக்கு இந்த மருந்து ஆகாது என்று முடிவெடுத்தேன். அஸ்தம்பட்டி மாத்திரைகளை வாங்கி, பிய்த்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, அட்டைகளை மட்டும் எடுத்து வைத்தேன். உஷா அட்டையைப் பார்க்கிறவள். தம்பி போன துக்கத்தில் சோற்றை மறந்தாலும் மாத்திரைக்குக் கை நீட்ட மறக்க மாட்டாள். ஐப்பசியில் ஒரு காலை, கோலப்பொடி டப்பாவோடு வாசலில் சாய்ந்தாள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் ஆராய்ச்சியில் உஷாவை மாத்திரை சாப்பிட்டவர்களோடு சேர்க்காதீர்கள். அவள் சாப்பிடவே இல்லை. அவள் பங்கைச் சாப்பிட்டது அர்த்தநாரி, அவன் பெயரே உங்களிடம் இருக்காது. திருத்திக்கொண்டால் எல்லாம் சரியாக வரும்.

என் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். ஒற்றைக் கோழியை வைத்து எந்தப் பண்ணைக்காரனாவது முடிவெடுப்பானா? அவன் வேறு மாத்திரையும் தின்றான், தலையையும் இடித்துக்கொண்டான். அந்த ஒருத்தனை வைத்து மருந்தைக் குறை சொன்னது என் அவசரம். அந்த அவசரம்தான் உஷாவைப் படுக்க வைத்தது. அதற்கு நீங்கள் என்னை எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மறுபடி அதே மாத்திரையைத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த முறை நான் அவசரப்படப் போவதில்லை. சரிதா உஷாவின் கடைசித் தங்கை. குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கிற குடும்பம், அதையெல்லாம் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். டம்ளரை நீட்டும்போது அவள் கையில் இருந்த நீலத் திட்டை நீங்கள் பார்த்ததை நானும் கவனித்தேன். உங்களுக்கு நல்ல கண். போன வாரத்திலிருந்து இருக்கிறது. ஏன் டீயைக் கீழே வைத்துவிட்டீர்கள்? அதில் ஒன்றும் இல்லை, தாராளமாகக் குடியுங்கள். நீங்கள் அந்தப் பேட்ச் இல்லையே.

உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், டாக்டரம்மா. உஷாவின் கட்டிலைக் கூடத்தில் போட்டிருக்கிறேன், அங்கிருந்து பார்த்தால் சமையல்கட்டு நேராகத் தெரியும், அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. நான் சரிதாவுக்குக் கஞ்சி ஆற்றுகிறபோதெல்லாம் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறாள், என்னவோ கத்தப் பார்க்கிறாள். நேற்று சரிதா கையிலிருந்த டம்ளரையே தட்டிவிட்டுவிட்டாள்.

"அக்காளுக்குப் பொறாமைங்க மாமா, எனக்கு மட்டும் ஆத்தித் தரீங்கன்னு" என்று சரிதா சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு டம்ளரில் ஆற்றிக் கொடுத்தேன்.

என் சந்தேகம் அதுவல்ல. சரிதா ஊட்டினால் உஷா வாயைத் திறக்கிறாள். நான் அந்தச் சத்து மாத்திரையோடு கிட்டே போனால் மட்டும் பல்லைக் கடித்து, வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். என் கையில் வாங்கினால்தான் மனசு நிறையும் என்று சொன்னவள். பக்கவாதத்தில் இப்படியும் ஒரு கோளாறு வருமா?