மூன்றாம் வேலை நாள்

மமெல்லோ: இன்னும் மூணு மணி நேரம் பத்து நிமிஷம்தான் இருக்கு. மாசத்தோட மூணாம் வேலை நாள், நாலு மணிக்கு முதலீட்டாளருக்குக் கடிதம் போயாகணும். இப்பப் போய் இதைக் கிளறுறீங்களே அண்ணே!

வுயிசிலே: கிளறாம? தப்பு உள்ளயே கிடக்குதே.

மமெல்லோ: அது போன மாசக் கடிதம். போயிருச்சு. இந்த மாசத்தைப் பாருங்க. நம்ம ஜோபர்க் பங்கு இவ்வளவு, உலகப் பங்கு இவ்வளவு, கடன் பத்திரம் இவ்வளவு, டாலர் இவ்வளவு... நாலு வரி, ஒரு படம். முடிஞ்சது.

வுயிசிலே: போன மாசமும் அதே நாலு வரிதான் மேடம். அதுல ஒரு வரி பொய்.

மமெல்லோ: மேடம்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை... என்னைவிட பதினாறு வயசு மூத்தவர் நீங்க.

வுயிசிலே: இருபத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன். தலைமை ஆசிரியைன்னா மேடம்தான். இந்த ஆபீஸ்ல என் தலைமை ஆசிரியை நீதான்.

மமெல்லோ: கிண்டல் பண்ற நேரமா இது?

வுயிசிலே: பயம். அதான் வாய் ஓடுது. இதைப் பாரு. உலகப் பங்கு ரெண்டு புள்ளி ஒண்ணு கூடுச்சு, நம்ம பங்கு வெறும் புள்ளி ஒன்பதுதான் கூடுச்சுன்னு போட்டிருக்கோம். அந்த ரெண்டு புள்ளி ஒண்ணு டாலர் கணக்கு! அந்த மாசம் ரேண்ட் பலமாயிருச்சு. பதினெட்டு நாப்பதுல இருந்த டாலர் பதினேழு எழுபதுக்கு வந்துருச்சு. நம்ம காசா மாத்திப் பார்த்தா உலகப் பங்கு கூடவே இல்ல. ஒண்ணு புள்ளி எட்டு குறைஞ்சிருக்கு.

மமெல்லோ: எனக்குத் தெரியாதா?

வுயிசிலே: எப்பலேர்ந்து தெரியும்?

மமெல்லோ: ...இப்ப சொன்னீங்களே. இப்பத்தான்.

வுயிசிலே: எண்ணை எடுத்துக் கொடுத்தவன் நான். ரேண்டுக்கு மாத்தாமலே கொடுத்திருக்கேன். பையன் எவனாவது இப்படிச் செஞ்சிருந்தா சிவப்பு மையில சுழிச்சிருப்பேன்.

மமெல்லோ: அடுத்த மாசம் அடியில சின்ன எழுத்துல ஒரு வரி போட்ருவோம். யாரும் பார்க்க மாட்டாங்க.

வுயிசிலே: யாரும் பார்க்காத திருத்தம் எதுக்கு?

மமெல்லோ: உங்களுக்காகத்தான் சொல்றேன். உங்க ஆறு மாச புரொபேஷன் இன்னைக்கோட முடியுது. இன்னைக்கே மேனேஜர் ஹென்னிங் சார் முன்னாடி போய் நின்னா... மூணு பிள்ளைங்க இருக்குண்ணே உங்களுக்கு.

வுயிசிலே: மாஷிலோ அம்மா கணக்குல முப்பத்தோரு பேர் இருக்காங்க.

மமெல்லோ: யாரு?

வுயிசிலே: டெம்பிசா ஸ்டோக்வெல் சேமிப்புக் குழுக்காரங்க. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல வேலை பார்க்கிற பொம்பளைங்க. மாசம் பொறந்தா ஆளுக்கு நானூறு ரேண்ட். பதினோரு வருஷமாச் சேர்த்துட்டு வர்றாங்க. எல்லாம் நம்ம உள்ளூர் நிதியில கிடக்கு. நாளைக்குச் சனிக்கிழமை கூடி, மொத்தத்தையும் உலக நிதிக்கு மாத்தப் போறாங்களாம்.

மமெல்லோ: ஒரு மாசக் கணக்கைப் பார்த்துட்டா மாத்துவாங்க?

வுயிசிலே: நாமதானே கொட்டை எழுத்துல தலைப்புப் போட்டோம். ‘வெளியே வெயில், உள்ளே மேகம்.’

மமெல்லோ: அது... நான் வெச்ச தலைப்பு.

வுயிசிலே: இரு, போன் அடிக்குது. அவங்கதான். சத்தமா வெக்கிறேன், நீயும் கேளு.

மமெல்லோ: வேண்டாம்ணே...

மாஷிலோ: வாத்தியாரே! சாப்பிட்டியா?

வுயிசிலே: ஆச்சும்மா. சொல்லுங்க.

மாஷிலோ: முன்னூறு நோயாளிக்குச் சோளக்களி கிண்டிக்கிட்டே பேசறேன், சுருக்கச் சொல்லு. நாளைக்குக் காசை மாத்த எத்தனை கையெழுத்து வேணும்?

வுயிசிலே: மூணு. ஆனா... அவ்வளவு அவசரமா?

மாஷிலோ: அவசரமில்லாம? நூறு போட்டா வெளிய ரெண்டு வருது, இங்க ஒண்ணுகூட வரலைன்னு நீங்கதானே எழுதுனீங்க. போன கூட்டத்துல பாதிப் பேர் வேண்டாம்னாங்க. நான் எழுந்து நின்னு உங்க கடிதத்தைப் படிச்சேன். ஜூலு மொழியில ஒரு தடவை, சோத்தோவுல ஒரு தடவை. அப்புறம் ஒருத்தியாவது வாயைத் திறக்கணுமே!

வுயிசிலே: இன்னைக்கு நாலு மணிக்குப் புதுக் கடிதம் வரும். அதையும் பார்த்துட்டு...

மாஷிலோ: அதுல வேற மாதிரி இருக்குமா?

வுயிசிலே: அம்மா, அது...

மாஷிலோ: சொல்லு வாத்தியாரே.

வுயிசிலே: நாலு மணி வரைக்கும் யாரும் கையெழுத்துப் போடாதீங்க. அவ்வளவுதான்.

மாஷிலோ: குரலே சரியில்லையே உனக்கு. போய்த் தண்ணி குடி. ஐயோ, களி அடிப்பிடிக்குது. வெச்சிடறேன்.

மமெல்லோ: அவங்களுக்கு உங்களை எப்படித் தெரியும்?

வுயிசிலே: அவங்க பையன் என் கிளாஸ். கணக்குல ரெண்டு தடவை பெயிலாக்கினேன். இருந்தும் சாப்பிட்டியான்னு கேக்கறாங்க பாரு.

மமெல்லோ: அண்ணே, கொஞ்சம் உக்காருங்க. டீ ஆறிப்போச்சு. இந்த ரஸ்க்கையாவது...

வுயிசிலே: அப்புறம் சாப்பிடறேன். திருத்தம் எழுதிட்டேன், கேளு. ‘சென்ற மாதக் கடிதத்தில் உலகப் பங்குகளின் மாற்றத்தை டாலரில் தந்துவிட்டோம். ரேண்ட் கணக்கில் அது ஒன்று புள்ளி எட்டு சதவீதம் குறைந்தது. அந்த மாதம் உள்ளூர்ப் பங்குகளே மேல். பிழை என்னுடையது. வுயிசிலே.’

மமெல்லோ: பேர் எதுக்கு? ‘தவறு நேர்ந்துவிட்டது’ன்னு போட்டாப் போதும்.

வுயிசிலே: தானா நேர அது என்ன மழையா?

மமெல்லோ: ஹென்னிங் சார் இதை அனுப்ப விடமாட்டார்.

வுயிசிலே: விடுவார். காலைல ஏழரைக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன்.

மமெல்லோ: என்னன்னு?

வுயிசிலே: தப்பு என்னோடதுன்னு. நாலு மணிக்குத் திருத்தத்தைக் கொண்டு வரச் சொன்னார். கூடவே... கதவு திறக்கிற அட்டையையும்.

மமெல்லோ: அட்டையையா? அப்ப வேலையே போச்சா அண்ணே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

வுயிசிலே: கேட்டிருந்தா தடுத்திருப்பே. எனக்கும் தைரியம் போயிருக்கும். விடு. இன்னும் ஒரு வேலை பாக்கி. போன மாசம் நாம படிச்சுப் பார்க்கவே இல்ல.

மமெல்லோ: கரண்ட் போச்சே. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுச்சு.

வுயிசிலே: ஒருத்தர் கடிதத்தைப் படிக்கணும். இன்னொருத்தர் தாள்ல ஸ்கேல் வெச்சு வரிவரியா ‘சரி’ சொல்லணும். வந்த முதல் நாள் நீ கத்துக் கொடுத்தது. அன்னைக்கு அதைச் செய்யாமலே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வா, இப்பச் செய்வோம்.

மமெல்லோ: இப்ப எதுக்கு? மூணு மணி நேரம்கூட இருக்காது...

வுயிசிலே: நாலே வரி. இன்னொரு எண்ணும் தப்பா இருந்தா ஒரே தடவையாத் திருத்திடலாம். நான் எழுதிக் கொடுத்த தாள் எங்க? கோப்புல காணோம்.

மமெல்லோ: ...என் டிராயர்ல இருக்கு.

வுயிசிலே: டிராயர்லயா? அங்க எப்படி...

மமெல்லோ: இருக்கு. எடுத்துட்டேன்.

வுயிசிலே: சரி, நீயே வெச்சுக்கோ. நான் கடிதத்தைப் படிக்கிறேன். ஜோபர்க் பங்குகள், கூடுதல், புள்ளி ஒன்பது.

மமெல்லோ: சரி.

வுயிசிலே: அரசுக் கடன் பத்திரம், கூடுதல், ஒண்ணு புள்ளி நாலு.

மமெல்லோ: சரி.

வுயிசிலே: டாலர், பதினேழு ரேண்ட் எழுபது சென்ட்.

மமெல்லோ: ச... சரி.

வுயிசிலே: உலகப் பங்குகள், கூடுதல், ரெண்டு புள்ளி ஒண்ணு.

மமெல்லோ: ...

வுயிசிலே: இந்த வரி தப்புன்னுதான் தெரியுமே. என் தாள்லயும் அதே தப்பு இருக்கும். ‘சரி’ன்னு சொல்லி முடி.

மமெல்லோ: இருங்க அண்ணே.

வுயிசிலே: ஏம்மா ஸ்கேலைக் கீழ வெச்சுட்டே? மறுபடி படிக்கிறேன். உலகப் பங்குகள், கூடுதல்...

மமெல்லோ: குறைவு. ஒண்ணு புள்ளி எட்டு. நீங்க ரேண்ட்லதான் எழுதிக் கொடுத்திருந்தீங்க அண்ணே. மாசம் பூரா உலகச் சந்தை ஏறுது ஏறுதுன்னுதானே நியூஸ்ல சொன்னாங்க, வாத்தியார் கைதவறி மைனஸ் போட்டுட்டார்னு நெனச்சேன். உங்களை ஒரு வார்த்தை கேக்காம, நியூஸ்ல வந்த எண்ணை எடுத்துப் போட்டேன். மாத்தினது நான்.