ஒரு சுத்து குறைவா

மாப்ளே: சின்னதா? நீங்களா சொல்றீங்க?

மாமா: மேஜைக்கு அடியில தலைய விட்டுக்கிட்டுப் பேசாத. மூஞ்சியக் காட்டிப் பேசு.

மாப்ளே: நட்டு உருண்டு ஓடிருச்சு... இந்தாங்க மூஞ்சி. பல் டாக்டர் வண்டி இன்ஜினுக்குக் காத்தடிக்கச் சின்ன டர்போவா?

மாமா: ஆமா.

மாப்ளே: சின்னது போடறதும் வண்டிக்கு ஹேர் டிரையர் மாட்டறதும் ஒண்ணுன்னு சொன்னது யாரு?

மாமா: அது நேத்து.

மாப்ளே: சாயங்காலம் அவர் வந்து நிப்பாரு மாமா. பெருசுதான் வேணுமாம். சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரன் கலங்கணுமாம்.

மாமா: அவர் ஓட்டறது கிளினிக்குக்கும் வீட்டுக்கும். பெருசு கண்ணு முழிக்கறதுக்குள்ள அடுத்த சிக்னல் வந்துரும். சின்னது மிதிச்ச உடனே எந்திரிக்கும்.

மாப்ளே: இதையேதான நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன்? பயந்தாங்கொள்ளின்னீங்க.

மாமா: அதுல மாத்தமில்ல.

மாப்ளே: என்னாச்சு உங்களுக்கு? அக்கா ஏதாவது சொல்லுச்சா?

மாமா: உங்கக்கா சொல்றது எதுவும் என் காதுல ஏறறதில்ல.

மாப்ளே: அது தெருவுக்கே தெரியும். ஆனா... பெருசு போட்டுட்டு, ஸ்க்ரூடிரைவர இன்ஜின்ல ஊனி, பிடிய காதுல வெச்சுக் கேப்பீங்களே. ‘தட்டுது, பூஸ்ட்ட குறை’ன்னு. அந்தக் காதுக்குத்தான இங்க வர்றாங்க?

மாமா: பூஸ்ட்ட ஏத்தி இன்ஜினுக்குள்ள காத்த ஏகத்துக்கும் திணிச்சாத்தான் தட்டும். சின்னதுல பூஸ்ட் ஸ்க்ரூவ இறக்கி வெச்சுப் பூட்டிட்டா தட்டாது. பிஸ்டன் ஓட்டையாகாது. யாரும் காது குடுத்துக் கேட்டுட்டு உக்காந்திருக்க வேணாம்.

மாப்ளே: யாரும்னா?

மாமா: யாரும்னா யாரும்தான்.

மாப்ளே: ...உங்க போன் அடிக்குது.

மாமா: அடிக்கட்டும்.

மாப்ளே: அடிக்கல மாமா.

மாமா: என்னது?

மாப்ளே: அது அணைஞ்சு கெடக்கு. காலையிலேர்ந்து.

மாமா: எப்பலேர்ந்து இந்தப் பரீட்சை?

மாப்ளே: அந்த வெள்ளை வண்டி இன்ஜின் போச்சே, அப்பலேர்ந்து. அது தட்டுன தட்டு தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு ‘பட்டு மாதிரி ஓடுது’ன்னீங்க.

மாமா: பெட்ரோல்ல கலப்படம்னு அந்த வண்டிக்காரர்கிட்ட சொன்னது நீதான?

மாப்ளே: பின்ன என்னத்த சொல்ல? எங்க மாமாவுக்குக் காது...

மாமா: சொல்லு. நிறுத்தாத. நிறுத்துனாலும் உதடு சொல்லிருது.

மாப்ளே: டாக்டர்கிட்ட காட்டலாம் மாமா.

மாமா: காட்டியாச்சு. ரெண்டு பேருகிட்ட. இருக்கறதும் போயிருமாம். உங்கக்காவுக்குக்கூடத் தெரியாது. நான் சொல்பேச்சு கேக்காதவன்னே நினைச்சுட்டு இருக்கா. நினைக்கட்டும். அந்த வெள்ளை வண்டிக்கு அப்புறம் ஒரு இன்ஜினும் போகல, கவனிச்சியா?

மாப்ளே: ம்... ஏதோ அதிர்ஷ்டம்.

மாமா: அந்த அதிர்ஷ்டம் ஸ்பேனர் எடுத்துக்கிட்டுல்ல வருது? நான் வீட்டுக்குக் கிளம்புனதும் ஒவ்வொரு வண்டியிலயும் பூஸ்ட்ட ஒரு சுத்து இறக்கிருது.

மாப்ளே: தெரியுமா?!

மாமா: நீ இறக்குவன்னு தெரிஞ்சுதான் நான் ஒரு சுத்து ஏத்தியே வெப்பேன். இல்லன்னா வண்டி மாட்டுவண்டியால்ல போயிரும்?

மாப்ளே: அட பாவி மாமா... தெரியாம நான் திருடன் மாதிரி பதுங்கிப் பதுங்கி... சரி விடுங்க. அப்ப என்ன கவலை? பெருசே போடுவோம். நீங்க ஏத்துங்க, நான் இறக்கறேன். எப்பவும் போல.

மாமா: எப்பவும் போலவா?

மாப்ளே: ஆமா... ஏன் அப்படிப் பாக்கறீங்க?

மாமா: மூஞ்சியத் திருப்பாத. திரும்புனா நீ சொல்றது எனக்கு இல்ல.

மாப்ளே: திருப்பல. சொல்லுங்க.

மாமா: நேத்து ஆபீஸ் ரூம் கதவ இழுத்துச் சாத்திட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு போன்ல பேசுன. பூனை மாதிரி மெதுவா. மெதுவாப் பேசறவன் உதட்டப் படிக்கறது ரொம்பச் சுலபம்டா. ‘அடுத்த வாரமே வேலைல வந்து சேந்துடறேன் சார், மாமாகிட்டதான் இன்னும் சொல்லல’ன்ன... சின்னதே மாட்டு மாப்ளே. நீ போனப்புறம் இறக்கறதுக்கு இங்க ஆளில்ல.